பாதி எழுதி வைத்த பலகைகள்

பேக்கிங் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து ஏதாவது பேசும்படி சூப்பர்வைசர் கேட்டார். முடியாது என்றேன். நாலு பேர் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு நான் நின்றதற்குப் பாதிக் காரணம், அஞ்செட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அதற்கு மேல் வகுப்பு இல்லை என்பது. மீதிக் காரணம், பாடம் ஒப்பிக்க எழுப்பி நிறுத்துவார்களே என்ற பயம். பேசச் சொல்லாவிட்டால் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

உங்களுக்கு இப்போது மெஷினே ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கிறது. நான் இருந்தபோது தகரத் தகட்டில் எழுத்து வெட்டி, அதைப் பலகைமேல் வைத்து, கருப்பு பெயிண்ட் தொட்ட பிரஷ்ஷால் குத்த வேண்டும். கம்பெனிக்கு வரும் முன்பு ஜூஜுவாடியில் லாரிகளுக்கு எழுத்து எழுதும் கடையில் இருந்தேன். இங்கிலீஷ் எழுத்துகள் அங்கே கைக்குப் பழகின. கைக்கு மட்டும்தான். எழுதுவதற்கு என்ன அர்த்தம் என்று யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால், இது கூடத் தெரியாதா என்பார்களே என்ற கூச்சம்.

கம்பெனிக்கு வந்த கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். நான் அதிகமாகக் குத்துவது மூன்றே வார்த்தைகள். வெளிநாடு போகும் மரப்பெட்டிக்கு எக்ஸ்போர்ட். உள்நாட்டில் லாரியில் போகும் பெட்டிக்கு டிரான்ஸ்போர்ட். எந்தப் பெட்டியானாலும் கிரேனின் பெல்ட் வந்து தாங்க வேண்டிய இடத்தில் சப்போர்ட். அந்த இடத்தில் அப்படி எழுதுவது எங்கள் கம்பெனி வழக்கம். மூன்றுக்கும் கடைசி நாலு எழுத்து ஒன்றுதான். அந்த நாலெழுத்தை மட்டும் ஒரு தகட்டில் வெட்டினேன். முன்னால் வருவதற்குத் தனித்தனியாக மூன்று சின்னத் தகடுகள்.

பெட்டியின் அடியில் வருகிற பலகையும் பக்கவாட்டில் வருகிற பலகையும் ஒரே அளவில் இருக்கும். ஆசாரி ஆணி அடித்த பிறகுதான் எது எங்கே போனது என்று தெரியும். அதனால் வேலை இல்லாத காலைகளில் எல்லாப் பலகைகளிலும் இரண்டு ஓரத்திலிருந்தும் நாலடி தள்ளி, முன்னால் இடம் விட்டு, போர்ட் என்று மட்டும் குத்தி அடுக்கி வைப்பேன். பெட்டி தயாரானதும் முன்பாதியைச் சேர்த்துவிட்டால் முடிந்தது. மற்றவர்கள் ஒரு மணி நேரம் செய்வதை நான் கால் மணியில் முடித்தேன். சூப்பர்வைசர்கூட மெச்சினார்.

பெட்டியைக் கிரேனில் கட்டி ஏற்றும் ஆள் முனிராஜ். உத்தனப்பள்ளிக்காரர். வீட்டில் தெலுங்கு, யார்டில் தமிழ், லாரி டிரைவர்களைத் திட்டக் கன்னடம். என்னைவிட இரண்டு வயது பெரியவர். என்னை எழுத்துக்காரரே என்றுதான் கூப்பிடுவார்.

"எழுத்துக்காரரே, நாலே எழுத்த வச்சு இத்தன வருசம் ஓட்டிட்டயே. மீதி இருபத்திரெண்டையும் கத்துக்கினா கம்பெனியே உனக்குத்தான்."

அந்த நாலெழுத்துக்கு அர்த்தம் சொன்னவர் டெஸ்பாட்ச் மேடம். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர், கிருஷ்ணகிரியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் மேசையில் தலையணை தடிமனுக்கு ஓர் இங்கிலீஷ் அகராதி இருந்தது. ஒரு வார்த்தை எந்த மொழியிலிருந்து வந்தது, முற்காலத்தில் அதை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதெல்லாம் அதில் போட்டிருக்கும். லாரி மாநில எல்லையில், அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டால் எங்களுக்கு வேலை இருக்காது. அப்போது அதைப் புரட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் என் தகட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"அண்ணா, மூணு வார்த்தைக்கும் ஏன் ஒரே வால் இருக்குதுன்னு யோசிச்சீங்களா?"

"தகரம் மிச்சமாகட்டும்னு இருக்குங்க மேடம்."

அவர் சிரித்தார். பிறகு பக்கத்தைத் திருப்பி விரல் வைத்துப் படித்தார்.

"லத்தீன்ல சுமக்கிறதுக்கு ஒரு வார்த்த இருந்துதுங்ண்ணா. அதுதான் இந்த வால். எக்ஸ்னா வெளிய. வெளிய சுமந்துட்டுப் போறது எக்ஸ்போர்ட்டு. டிரான்ஸ்னா அந்தாண்ட. அந்தாண்ட சுமந்துட்டுப் போறது டிரான்ஸ்போர்ட்டு."

"சப்புங்க?"

"கீழ. கீழ இருந்து சுமக்கிறது சப்போர்ட்டு."

பெட்டிமேல் உட்கார்ந்திருந்த முனிராஜ் கேட்டார். "அப்ப போர்ட்டருன்னா?"

"சுமக்கிறவரு."

"அத எங்கிட்டயே கேட்டிருக்கலாமே மேடம். பெங்களூரு ஸ்டேசன்ல ரெண்டு வருசம் நானு அதான். புஸ்தகம் இல்லாமயே கழுத்து சொல்லிக் குடுத்திச்சு."

அதற்குப் பிறகு லாரி தாமதமானால் எனக்குச் சந்தோஷம். இம்பார்ட்டன்ட் என்ற வார்த்தையிலும் அந்த வால் நடுவில் ஒளிந்திருக்கிறது என்றார் மேடம். ஒரு விஷயம் நம்மிடம் என்ன விளைவைக் கொண்டுவந்து சேர்க்கிறது என்பதுதான் அதன் முக்கியத்துவமாம். ஸ்போர்ட் என்ற வார்த்தைக்கு முன்னால் ஒரு துண்டு இருந்து, வாயில் தேய்ந்து விழுந்துவிட்டதாம். வேலையிலிருந்து மனதைக் கொஞ்ச நேரம் தூக்கிக்கொண்டு போவது என்பது பழைய அர்த்தம். பந்தும் மட்டையும் பிற்பாடு வந்தவை.

எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக நினைத்துவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். துறைமுகத்துக்குச் சொல்கிற போர்ட் வேறு கிளை. ரொம்பப் பின்னால் போனால் எங்கேயோ தூரத்துச் சொந்தம். வாய்ப்புக்குச் சொல்லும் ஆப்பர்ச்சுனிட்டி அந்தத் துறைமுகக் கிளையில் வருகிறது. பாய்மரக் கப்பலைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும் காற்றுக்கு லத்தீனில் அப்படிப் பெயர் இருந்ததாம். நான் கடலைப் பார்த்ததில்லை. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் காற்றை நினைத்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன்.

ரிப்போர்ட் என்ற வார்த்தைதான் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. யார்டில் ஒருவன் ரிப்போர்ட் பண்ணிவிட்டான் என்றால் மாட்டிவிட்டான் என்று அர்த்தம். அப்படிப்பட்டவனோடு யாரும் டீ குடிக்க மாட்டார்கள். மேடம் அப்படி இல்லை என்றார். திரும்பச் சுமந்து வருவது. போய்ப் பார்த்ததைப் பார்த்தபடியே கொண்டுவந்து கேட்டவர் முன்னால் இறக்கி வைப்பது.

"இறக்கி வச்சா பாரம் குறையணும் மேடம். இங்க ஏறுதே" என்றார் முனிராஜ்.

சப்போர்ட்டுக்கும் அகராதியில் ஒரு பழைய பயன் இருந்தது. முற்காலத்தில் அந்த வார்த்தையைப் பொறுத்துக்கொள்வது, சகித்துக்கொள்வது என்ற அர்த்தத்தில்தான் முதலில் எழுதினார்களாம். எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை. நம் தமிழில் தூணும் தாங்குகிறது, மனிதனும் துக்கத்தைத் தாங்குகிறான். முனிராஜ் தலையாட்டினார். "எங்க வூட்டுல என்னய ரொம்ப சப்போர்ட் பண்றாங்க. இந்த அர்த்தத்துலதான்."

இப்படி அர்த்தமெல்லாம் தெரிந்த பிறகுதான் நான் அந்தத் தவறைச் செய்தேன். தெரியாமல் செய்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அதுவரை நாங்கள் கட்டிய மெஷின்கள் எல்லாம் ஒரே ஜாதி. எடை நடுவில் உட்கார்ந்திருக்கும். இரண்டு ஓரத்திலிருந்தும் நாலடி தள்ளி பெல்ட் போட்டால் பெட்டி தட்டு மாதிரி மட்டமாக எழும். அந்த நாலடிதான் என் பலகைகளில் பாதி வார்த்தையாக ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. பிறகு ஒரு புது மெஷின் வந்தது. மோட்டாரும் கியரும் ஒரே பக்கத்தில். பெட்டியின் ஒரு முனையில்தான் முக்கால்வாசி எடை. பெல்ட் போட வேண்டிய இடத்தை அளவு போட்டு டிசைன்காரர்கள் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். எண் எனக்குப் படிக்கத் தெரியும். தாள் என் அட்டையில்தான் செருகியிருந்தது.

அன்று மத்தியானம் வாங்குகிற கம்பெனியிலிருந்து மூன்று பேர் பார்க்க வந்திருந்தார்கள். லாரி நின்றிருந்தது. சூப்பர்வைசர் மூன்றாவது தடவை வந்து கேட்டார்.

"மார்க்கிங் முடிஞ்சுதா, இல்லையா?"

நான் பெட்டியின் அடிப்பலகையைப் பார்த்தேன். போர்ட் தயாராக இருந்தது. முன்னால் மூன்று எழுத்துதான் பாக்கி. நாலு இடத்திலும் சேர்த்துக் குத்தினேன். ஐந்து நிமிடம்.

"முடிஞ்சுதுங்க சார்."

தாளைப் பார்க்கக் கூடாது என்று நான் நினைக்கவில்லை. பார்க்க வேண்டும் என்றே தோன்றவில்லை. பாதிக்கு மேல் எழுதியிருக்கும் வார்த்தை, யாரோ முன்பே யோசித்து முடித்துவிட்டார்கள் என்பதுபோல ஒரு தைரியத்தைக் கொடுக்கும். அந்த யாரோ நான்தான். எந்த மெஷினும் வராத ஒரு காலை நேரத்தில், எந்தப் பாரத்தையும் மனதில் வைக்காமல் குத்தியது அது.

முனிராஜ் வந்தார். என் எழுத்தைப் பார்த்தார், அதன்மேல் பெல்ட்டைப் போட்டார். அவர் அளக்க மாட்டார். அளப்பது என் வேலை. பெட்டி எழும்பும்போது சுழலாமல் இருக்க மூலையில் ஒரு கயிறு கட்டி ஒருவர் பிடித்துக்கொள்வது வழக்கம். அதை முனிராஜே பிடிப்பார், ஒரு கையால் சிக்னலும் கொடுப்பார். அன்று அவர் நின்றது மோட்டார் இருந்த பக்கம். பின்னால் சுவர். லாரியும் நெருக்கி நின்றதால் விலக இடம் குறைவு.

நான் தாளை ஃபைலில் போடுவதற்காக அட்டையிலிருந்து உருவினேன். அப்போதுதான் எண் கண்ணில் பட்டது. மோட்டார் முனையில் இரண்டடி. மறுமுனையில் ஆறரை.

கிரேன் உறும ஆரம்பித்தது. பெல்ட் இறுகியது. எடை இல்லாத முனை முதலில் அசைந்தது.

எவ்வளவு நேரம் நான் சும்மா நின்றேன் என்று தெரியவில்லை. மூன்று நொடியோ நாலு நொடியோ இருக்கும். அந்த நேரத்தில் என் தலைக்குள் ஓடியதை உங்களிடம் மறைக்கக் கூடாது. முனிராஜை மட்டும் நான் நினைக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த அந்த மூன்று பேரையும் நினைத்தேன். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று நினைத்தேன். கொஞ்சம் சாய்ந்தால் சாயட்டும், முனிராஜ் பழைய ஆள், சமாளித்துக்கொள்வார் என்றும் ஒரு நினைப்பு வந்தது. சூப்பர்வைசர் காதில் மெதுவாகச் சொல்லலாம் என்று அவர் பக்கம் இரண்டு எட்டு வைத்தேன். அவர் விருந்தாளிகளிடம் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடியட்டும் என்று நின்றேன். அப்படியும் ஒரு நொடி போனது.

கிரேன் டிரைவர் சிக்னல்காரர் காட்டுவதைத்தான் செய்வார். கையைப் பக்கவாட்டில் நீட்டினால் நிறுத்து என்று அர்த்தம்; அதை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும். பெருக்குகிற ஆள் காட்டினாலும் நிறுத்த வேண்டும். அத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட அந்தக் கையைக் காட்டியதில்லை. வாய் திறக்கவில்லை. கை மட்டும் பக்கவாட்டில் நீண்டது.

கிரேன் நின்றது. எடையில்லாத முனை தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியிருந்தது. மோட்டார் முனை இன்னும் தரையிலேயே அழுந்திக் கிடந்தது. இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தால் பெட்டி பெல்ட்டுக்குள் நழுவி முனிராஜ் பக்கம் வந்திருக்கும்.

"என்னய்யா?" என்றார் சூப்பர்வைசர்.

எல்லோரும் பார்த்தார்கள். நான் தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வாயத் தொறந்து சொல்லுய்யா. எதுக்கு நிறுத்துன?"

"மார்க் தப்புங்க சார்."

"டிசைன்ல தப்பா குடுத்துட்டாங்களா?"

அவர் கேட்ட கேள்வியிலேயே எனக்கு ஒரு வழி இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், அன்றைக்குத் தப்பித்திருப்பேன். தாளை அப்புறம்தான் யாராவது பார்ப்பார்கள்.

"தாளு சரிங்க. நான்தான் அளக்கல. முன்னயே குத்தி வச்ச பலகை. அது மேலயே எழுதிட்டன்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. சூப்பர்வைசர் திட்டினார். விருந்தாளிகளில் ஒருவர் என்னவென்று கேட்க, அவர் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சமாளித்தார். முனிராஜ் கயிற்றை விட்டுவிட்டு மோட்டார் முனைக்குப் போய், பெல்ட் நின்ற இடத்தையும் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம்.

பெட்டியை இறக்கினார்கள். பழைய எழுத்தின்மேல் கருப்பு பூசி மூடினேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டேப் பிடித்து அளந்தேன். இரண்டடியில் ஒன்று, ஆறரை அடியில் ஒன்று. அந்தப் பக்கமும் அதேபோல். முழு வார்த்தையையும் முதல் எழுத்திலிருந்து குத்தினேன்.

முனிராஜ் பெல்ட்டை மாற்றிப் போட்டார். பிறகு கயிற்றின் நுனியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"எழுத்துக்காரரே, இந்தத் தபா நீ புடி. நானு முன்னால நின்னு சிக்னலு குடுக்கறன்."

சூப்பர்வைசருக்குக் கோபம் வந்துவிட்டது. "யோவ் முனிராஜ், அந்தாளுக்குக் கயிறு புடிக்க என்னய்யா தெரியும்?"

"எங்க புடிச்சுத் தூக்கணும்னு அவருதான சார் எழுதியிருக்காரு. நானு வேற யார நம்பறது?"

அவர் குரலில் கோபம் இல்லை. கிண்டலும் இல்லை. அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை. முனிராஜே லாரிக்காரரைக் கன்னடத்தில் அதட்டி வண்டியை நாலடி முன்னால் எடுக்கச் சொன்னார். சுவரோரம் நிற்காமல், விலக வேண்டி வந்தால் ஓடுவதற்கு வழி இருக்கும் இடத்தைக் காலால் கோடு கிழித்துக் காட்டினார். நான் அங்கே போய் நின்றேன்.

பெட்டி எதிரே இருந்தது. தினமும் பார்த்த பெட்டிதான். கயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. இரண்டரை டன் எடை என் கையெழுத்தை நம்பி எழும்பப் போகிறது. அளந்தது எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் இரண்டடியை எந்த ஓரத்திலிருந்து அளந்தேன் என்று சந்தேகம் வந்தது. வெளிப்பலகையிலிருந்தா, உள்சட்டத்திலிருந்தா? முனிராஜ் கையைத் தூக்கப் போனார்.

"ஒரு நிமிசம்" என்றேன். இந்தத் தடவை வாய் திறந்தது. "இன்னொரு தபா அளந்துக்கறன்."

யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். முனிராஜ் வந்து டேப்பின் மறுமுனையைப் பலகை ஓரத்தில் அழுத்திப் பிடித்தார். சரியாகத்தான் இருந்தது.

நீங்கள் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள். உங்கள் மெஷினில் பழைய பெட்டிக்கு அடித்த டிசைன் அப்படியே சேமித்து வைத்திருக்கும். பெயரை மட்டும் மாற்றினால் அடுத்த பெட்டிக்குத் தயார் என்று காட்டும். அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். என் நாலெழுத்துத் தகட்டை அந்த நாளுக்குப் பிறகும் வைத்திருந்தேன், பலகைகளில் முன்கூட்டியே குத்துவதை மட்டும் விட்டேன். பெட்டி வந்து, தாள் வந்து, அளந்த பிறகுதான் பிரஷ்ஷைத் தொட்டேன். ஒரு மணி நேர வேலை மறுபடியும் ஒரு மணி நேரம் ஆனது. இந்த ஆளுக்கு வயசாகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும். நீங்கள் எழுதியதைப் படிக்கிற ஆள் உங்களிடம் வந்து சந்தேகம் கேட்க மாட்டார். அதன்மேல் பெல்ட்டைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் நிற்பார்.

தப்பு தெரிந்த பிறகு நான் நின்ற அந்த நாலு நொடியைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. அளக்காமல் எழுதியது கவனக்குறைவு. தெரிந்தும் நின்றது வேறு. கூச்சம் என்பது யாருக்கும் தீங்கு செய்யாத குணம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

அன்று டேப்பைச் சுருட்டியதும் முனிராஜ் கையை மேலே சுழற்றினார். பெல்ட் இறுகியது. பலகைகள் ஒருமுறை முனகின. பெட்டியின் நாலு மூலையும் ஒன்றாகத் தரையை விட்டன. கயிறு என் கையில் இலேசாக இழுத்தது, அவ்வளவுதான். பெட்டி என் இடுப்புக்கு வந்து, நெஞ்சுக்கு வந்து, லாரியின் மட்டத்துக்குப் போனது. அங்கே மெதுவாகத் திரும்பி, தளத்தில் உட்கார்ந்தது. பெல்ட் தளர்ந்து கொக்கி மேலே போய்விட்டது. லாரிமேல் நின்றவர் மூலைக் கயிற்றின் முடிச்சையும் அவிழ்த்துவிட்டார். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார்.

நான் இன்னும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முனிராஜ் பக்கத்தில் வந்தார். கேட்டுப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். பிறகு என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"வுடுப்பா. எறங்கிடுச்சு."